பொருட்காட்சிக்குப் போன வேலாயுதன்

சென்னை
6–6–1954

அன்புத் தங்கை சரோஜத்துக்கு,

கர்த்தர் கிருபையால் எனக்கு இங்கே நோய்நொடி ஒன்றும் இல்லை. வெயில் மட்டும் இன்னும் இறங்கவில்லை. உன் சரீர சுகமும் மைத்துனர் ராஜதாஸ், அவர் தம்பி ராஜன் ஆகியோர் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

கடையில் என்னைக் கைத்தறிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். காஞ்சிபுரம், சேலம், சுங்குடி எல்லாம் இப்போது என் பொறுப்பில். நம் பாலராமபுரத்துச் சரிகைக்கரை நேரியது மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. போன வாரம் ஒரு அம்மாள் வந்து கேரளத்துச் சேலை இருக்கிறதா என்று கேட்டார். அதை நெய்கிறவர்கள் வீட்டில் பேசுவது தமிழாக்கும் என்று சொன்னேன். முதலாளி என்னை முறைத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே பெரிய பொருட்காட்சி நடக்கும். மைத்துனர் சரக்கு அனுப்புவதானால் சொல்லட்டும், விற்றுத் தருகிறேன்.

தெற்கே நடப்பதைப் பத்திரிகையில் படித்து வருகிறேன். நம் பக்கத்து ஆட்கள் சிலர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சங்கமாகக் கூடுகிறோம். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திரு-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேராமல் விடுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ராஜன் போராட்டத்தில் முன்னால் நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். என் சார்பில் அவனை முதுகில் தட்டிக் கொடு.

உன் பிரியமுள்ள அண்ணன்
விஜயதாஸ்


பாறசாலை
4–7–1954

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

சரோஜத்தின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மழை நன்றாகப் பெய்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், ஹோட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

அத்தான் இந்த ஓணத்துக்கு நெய்யாற்றின்கரைப் பொருட்காட்சியில் கடை போடுகிறார்கள். சர்க்கார் நடத்துவது. வெறும் துணியை அடுக்கி வைத்தால் போதாது, தறியையும் வைத்து நெய்து காட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னாராம். பாலராமபுரத்தில் நமக்கு நெய்து தருகிற வேலாயுதன் அண்ணாச்சி வந்து உட்காரச் சம்மதித்துவிட்டார். அவர் வீட்டுக்காரி விஜயம்மா நூல் சுற்றிக் கொடுப்பார். அண்ணாச்சியை நீங்கள் பார்த்ததில்லை. வாய் ஓயாத மனிதர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

போன சனிக்கிழமை சரக்கு கொண்டுவந்தவரிடம் ராஜன் வழக்குக்கு நின்றான். எல்லை பிரிந்தால் நீர் எந்தப் பக்கம் என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“என் வீடு பாலராமபுரத்துல ஆக்கும். நீங்க கோடு எங்க போட்டாலும் நான் அங்கதான் இருப்பேன்.”

ராஜன் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான். அவனைத் தட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவனுக்கு அது தேவையில்லை அண்ணா. யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்தால் நல்லது.

உங்கள் தங்கை
சரோஜம்


சென்னை
16–8–1954

அன்புள்ள சரோஜத்துக்கு,

மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நம் ஆட்களைப் போலீசார் சுட்டுவிட்டார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன். நம்மூர்ப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறீர்களா? ராஜன் எங்கே? ஒரு வரி போட்டால் போதும்.

இங்கே கூட்டம் போட்டோம். நானும் பேசினேன்.

அண்ணன்
விஜயதாஸ்


பாறசாலை
29–8–1954

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. அதனால்தான் தாமதம். இதை நாகர்கோவிலுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

ராஜன் மார்த்தாண்டத்தில்தான் இருந்தான். சுட்டபோது அவனோடு போயிருந்த சிநேகிதனுக்குத் தொண்டையில் குண்டு பாய்ந்து, அவன் மேலேயே சாய்ந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது சட்டை இரத்தம் காய்ந்து பலகைபோல் இருந்தது. கழற்ற விடவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு, “என் மேலதான் கெடந்தான் மயினி. தொண்டையில காத்து போற சத்தம் மட்டும் கேட்டுது” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் வழியாகப் போனவன்தான், திரும்பவில்லை.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. ராஜன் எங்கே என்று கேட்டார்கள். அத்தானுக்கு உண்மையாகவே தெரியாது. முற்றத்துப் பலாமரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கச் சொல்லி, முழங்காலுக்குப் பின்புறம் லத்தியால் அடித்தார்கள். அத்தான் சரிந்தால் தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தார்கள். என்னை நடையில் நின்று பார்க்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் போன ஓணத்துக்கு நம்மிடம் முண்டு வாங்கியவர். அவர் மட்டும் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது பொருட்காட்சிக்குக் கட்டி வைத்திருந்த துணிகளை இழுத்துச் சேற்றில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போனார்கள்.

ராஜன் யார் மூலமோ சொல்லி அனுப்பினான். இரத்தம் காயவில்லை, அதற்குள் மலையாளிகளுடைய ஓணத்துக்கு நீ கடை போடப் போனால் எனக்கு அண்ணனே இல்லை என்று. அத்தான் கேட்டுக்கொண்டார்கள். சேற்றுத் துணிகளைத் துவைத்துக் காயப்போடச் சொன்னார்கள். நெய்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஓணம் போய்விட்டால் அவர்கள் இதை யாரிடம் விற்பார்கள் என்று கேட்டார்கள். நொண்டிக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரோஜம்


பாறசாலை
20–9–1954

அன்புள்ள அண்ணனுக்கு,

பொருட்காட்சியில் நம் கடை எரிந்துவிட்டது. உங்களுக்கு வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

ஓணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கூட்டம் தோளோடு தோள் உரசிப் போய்க்கொண்டிருந்தது. வேலாயுதன் அண்ணாச்சி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பின்பக்கம் மண்ணெண்ணெய் வாடை வந்தது. பெட்ரோமாக்ஸ் சரிந்துவிட்டதோ என்று நான் திரும்பினேன். துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு சில பேர் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவன் கையில் பந்தம். எல்லாம் காய்ந்த ஓலை. கீழே ஜனங்கள் ஓடுவதைவிட மேலே தீ வேகமாக ஓடியது.

பந்தல் கழி முறிந்து தறிமேல் விழுந்தது. அண்ணாச்சியின் கால் தறிக்குள் மாட்டிக்கொண்டது. அத்தான் எரிகிற கழியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்கள். அவர் வெளியே உருண்டு வரும் வரை விடவில்லை. மேலே தொங்கிய சரிகைக்கரைக் கசவுச் சேலைகள் தீப்பற்றிக் கைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டன. துணியை உரித்து எடுத்தபோது தோலும் கூட வந்தது.

பக்கத்துக் கடையில் தாழம்பாய் விற்ற பூவார் ஆனந்தபாய் அக்கா வெளியே வரவில்லை. பாய் அடுக்கு முழுவதும் அவர்கள் மேல் சரிந்து எரிந்தது. சத்தம் கேட்டது அண்ணா. யாராலும் பக்கத்தில் போக முடியவில்லை. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அத்தான் மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். யார் செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். முகம் தெரியவில்லை.

சரோஜம்


சென்னை
1–10–1954

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். வாடிக்கைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுக்கக்கூட முடியவில்லை. மைத்துனரின் கை எப்படி இருக்கிறது? விரல்கள் அசைகின்றனவா? டாக்டர் சொல்வதை ஒளிக்காமல் எழுது.

யார் செய்தது என்று கேட்காதே என்கிறாய். கேட்க என்ன இருக்கிறது? தமிழன் கடை, மலையாளிகளின் சர்க்கார், அவர்கள் ஓணம். முகத்தைக் கட்டிக்கொண்டால் தெரியாமல் போய்விடுமா? நம் ஆட்களைச் சுட்டவர்கள் துணியையும் விட்டுவைக்கவில்லை. நேற்றுக் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். உன் பெயரைச் சொன்னேன், ஆனந்தபாய் பெயரைச் சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். துண்டுப் பிரசுரமும் அச்சடித்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் பொருட்காட்சிக்குத் திரு-கொச்சி சர்க்காரும் கடை போட வருகிறதாம். தந்தமும் சந்தனமும் கசவும் கொண்டு வரட்டும். எங்கள் கடையைக் கொளுத்திவிட்டு இங்கே வந்து விற்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்காமல் விடப்போவதில்லை. நீ தைரியமாக இரு.

அண்ணன்
விஜயதாஸ்


பாறசாலை
14–11–1954

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். அத்தானை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இடது கை விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டன. வலது கை மடங்காது. சோறு ஊட்டுவது, சட்டை போட்டு விடுவது எல்லாம் நான்தான். வாய் திறந்து வேதனை என்று சொல்வதில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கூட்டத்தில் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் அண்ணா. பிரசுரத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதுபோல் எல்லாம் இல்லை. நேரில் பார்க்கும்போது பேசுவோம்.

வேலாயுதன் அண்ணாச்சி டிசம்பர் கடைசியில் சென்னைப் பொருட்காட்சிக்கு வருகிறார். எரிந்துபோன தறிக்குப் பதிலாக இப்போது வேறு தறி கிடைத்திருக்கிறது. அத்தான் கை கொடுத்ததால்தான் உயிரோடு இருக்கிறேன், அவர் போக வேண்டிய இடத்துக்கு நான் போகிறேன் என்கிறார். பட்டணம் அவருக்குப் புதிது. யாரோடு வருகிறார், எங்கே தங்குவார் என்பதை வந்ததும் அவரே சொல்லுவார். நீங்கள் அவரைத் தேடிப் பிடித்து ஒரு நாளாவது கூட்டிப் போய் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். கொஞ்சம் கால் சாய்த்து நடப்பார். அதுதான் அடையாளம்.

சரோஜம்


சென்னை
2–1–1955

அன்புள்ள சரோஜத்துக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நான் சுகம்.

உங்கள் வேலாயுதனை எழும்பூர் ஸ்டேஷனில் இரண்டு நாள் தேடினேன், காணவில்லை. பிறகு பொருட்காட்சியில் பார்த்தேன். அங்கே ஒரு சிறு தகராறு. கூட்ட நெரிசலில் அவருக்குத் தலையில் அடிபட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நானே கூட இருந்து கவனித்துக்கொள்கிறேன். அவர் வீட்டாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

மைத்துனருக்கு என் அன்பு.

விஜயதாஸ்


பாறசாலை
10–1–1955

அண்ணனுக்கு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

பொருட்காட்சிக்குப் போன சர்க்கார் குமாஸ்தா திரும்பி வந்து பாலராமபுரத்தில் விஜயம்மாவைப் பார்த்திருக்கிறார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அது நெரிசல் இல்லை என்றார். ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு வந்து கடையை உடைத்தது என்றார். தன்னைப் பின்வழியாகத் தள்ளிவிட்டு வேலாயுதன் முன்னால் நின்றதாகச் சொல்லும்போது அந்த மனிதர் அழுதுவிட்டார். அடித்தவர்கள் நெய்யாற்றின்கரைத் தீயைப் பற்றிக் கத்தினார்களாம். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்களாம். அது என் பெயர்.

முன்னால் நின்றவனுடைய பேச்சு சென்னைப் பேச்சு இல்லை, நம் பக்கத்துப் பேச்சு என்றும் சொன்னார். வேறு அடையாளமும் சொன்னார். அதை நான் எழுதவில்லை.

அண்ணா, நீங்கள் அங்கே இருந்தீர்களா?

சரோஜம்


சென்னை
20–1–1955

சரோஜம்,

இருந்தேன்.

வேலாயுதன் பொங்கலன்று காலையில் இறந்துவிட்டார். சர்க்கார் தந்தி விஜயம்மாவுக்கு வந்திருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திரு-கொச்சிக் கடைக்கு முன்னால் நின்று கோஷம் போடுவது என்றுதான் போனோம். நான் பேசினேன். என் தங்கையின் கடையைக் கொளுத்தியவர்கள் இங்கே வந்து கடை விரித்திருக்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு யார் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் கல்லை எறிந்தான். சந்தன யானைகளும் கொம்பு பொம்மைகளும் காலடியில் நொறுங்கின. தொங்கிய சேலைகளைப் பிடித்து இழுத்தார்கள். மூலையில் ஒரு குமாஸ்தா நடுங்கிக்கொண்டு நின்றான். தறியில் இருந்த ஆள் எழுந்து அவனைப் பின்வழியாகப் பிடித்துத் தள்ளி, “சாரே, பொறகே கூடி ஓடிக்கோ. இவிட ஞான் நின்னோளாம்” என்று சத்தம் போட்டார்.

இங்கே நான் நிற்கிறேன் என்று அவர் சொன்னது புத்தியில் ஏறவில்லை, மலையாளம் மட்டும் காதில் விழுந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. தறிக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையை எடுத்து அடித்தேன். ஒரு அடி இல்லை சரோஜம். முதல் அடியில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்த பிறகும் அடித்தேன். தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் விழுந்தார், நூல் முழுவதும் அறுந்தது. மற்றவர்கள் மிதித்தார்கள்.

போலீஸ் விசில் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நானும் திரும்பினேன். அப்போது கீழே இருந்து குரல் வந்தது.

“எலே மக்கா, இத்திரி தண்ணி தா.”

நம் ஊர்ப் பேச்சு. என் கால் நின்றுவிட்டது. குனிந்து, நீர் யார் என்று கேட்டேன். பாலராமபுரம், வேலாயுதன் என்றார். கண்ணில் இரத்தம் நிறைந்திருந்தது. என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“விஜயதாசுன்னு ஒரு ஆளு இங்க துணிக்கடையில நிக்கான். பாறசாலை சரோஜத்துக்க அண்ணன் ஆக்கும். அவனைக் கூப்பிட்டு விடு.”

கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, போலீஸ் வருவதற்குள் கூட்டத்தோடு கலந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைக் கட்டியிருந்தார்கள். விஜயதாஸ் வந்திருக்கிறேன் என்றேன். என் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். உன்னைப் பற்றியும் மைத்துனர் கையைப் பற்றியும் பேசினார். சர்க்கார் புதுத் தறி கொடுத்தபோது, அவர்கள் கடையில் உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும் என்று கேட்டதால் வந்ததாகச் சொன்னார். நீ கோபப்படுவாய் என்று சரோஜம் அதை எழுதியிருக்க மாட்டாள் என்று சொல்லிச் சிரித்தார். அங்கே தீ வைத்தது யார் என்று கேட்டேன். “எனக்குத் தெரியும். அவ சொல்லேல்லா, பின்ன நான் எதுக்குச் சொல்லணும்” என்றார்.

கடைசி வரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டார் வந்து சேர முடியாதென்று ஆனபோது, உறவுக்காரர் யார் என்று சுடுகாட்டில் கேட்டார்கள். நான் என்றேன். கொள்ளி வைத்தது நான்தான்.

அடித்தவர்கள் அடையாளம் தெரியாதவர்கள் என்று போலீஸ் எழுதியிருக்கிறது. வாயைத் திறக்காதே என்கிறார்கள் சங்கத்தார்.

விஜயதாஸ்


பாறசாலை
13–2–1955

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை விஜயம்மாவிடம் கொண்டுபோய் முழுவதும் வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. கொள்ளி என்ற இடம் வந்ததும், “அதையும் அவனேதான் செய்தானா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதை இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

கடைக்குத் தீ வைத்தது ராஜன். பந்தத்தைச் சாய்க்கும்போது முகத்துண்டு நழுவியது. நான் பார்த்தேன், அத்தான் பார்த்தார்கள், வேலாயுதன் அண்ணாச்சியும் பார்த்தார். கூட வந்தவர்களும் நம் ஆட்கள்தான். ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டும்போது அத்தான் என்னிடம், “அவன் எனக்கக் கூடப்பிறந்தவன். நீ பார்க்கலன்னு சொல்லு” என்றார்கள். அப்படியே சொன்னேன். உங்களுக்கும் அப்படியே எழுதினேன். நீங்கள் மலையாளிகள் என்று எழுதியபோது, இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்து, நேரில் பேசுவோம் என்று எழுதினேன். அண்ணாச்சி யாருடைய கடையில் உட்காரப்போகிறார் என்பதையும் மறைத்தேன்.

விஜயம்மா கடைசி வரை கேட்டார். நூல் ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உன் அண்ணன் கையால அடிச்சான். நீ வாய மூடி அடிச்ச.”

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வா என்றார். இருவரும் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குப் போனோம். ராஜன் பெயரையும் எனக்குத் தெரிந்த மற்றவர்கள் பெயரையும் சொன்னேன். பலாமரத்தில் அத்தானை அடித்தவர்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெயரும் விடாமல் எழுதினேன்.

பணகுடியில் ஒளிந்திருந்த ராஜனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடித்திருந்தார்கள், ஒரு காது கிழிந்திருந்தது. கம்பிக்குப் பின்னால் நின்று, “ஆனந்தபாய் அக்கா உள்ள நின்னது தெரியாது மயினி” என்றான். அவன் அண்ணன் உள்ளே இருந்தது தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது ஊரில் நான் காட்டிக்கொடுத்தவள். கதவில் சாணி அடித்தார்கள். கல்லெறிந்தார்கள், என் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. ஆராதனையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அத்தான் என்னோடு பேசுவதில்லை. நான் ஊட்டுகிற சோற்றை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அந்தக் கையைக் கொடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றியவர்கள். அந்த உயிரும் இல்லை, தம்பியும் இல்லை.

நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. விஜயம்மா கேட்கிறார்.

சரோஜம்


சென்னை, சிறைச்சாலை
6–3–1955

அன்புள்ள சரோஜத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே போயிருக்க வேண்டும். மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தேன். சங்கத்தார் வந்து கதவைத் தட்டினார்கள். பம்பாய்க்கு அனுப்பி வைக்கிறோம், வேறு பெயரில் வேலை வாங்கித் தருகிறோம் என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் அவரை மிதித்தவர்கள். அவர்களும் இரவில் தூங்குவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான்காம் நாள் காலையில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. பைத்தியம் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார். எந்தக் கட்டை, எந்தப் பக்கத்தில் அடித்தேன் என்று சொன்ன பிறகுதான் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “செத்தவருக்கும் உனக்கும் என்ன விரோதம்?” என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை. அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்தேன். அதில் உள்ளது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்திரிகையில் வருமோ என்னவோ.

வழக்கு எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. தூக்கோ ஆயுளோ, வக்கீல் வைக்க வேண்டாம் என்று இருந்தேன். சிறைக்கு வருகிற பாதிரியார் அது பெருமை பேசுவதைப் போன்றது என்றார். அதனால் கோர்ட்டில் யாரை வைக்கிறார்களோ வைக்கட்டும்.

விஜயம்மாவிடம் இதைச் சொல். மன்னிப்பு என்ற வார்த்தையை என் பெயரில் அவரிடம் சொல்லாதே. நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்பதை மட்டும் சொல்.

இங்கே காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு. சரீரத்துக்குக் குறைவில்லை. உன் நெற்றித் தையல் பிரித்துவிட்டார்களா? மைத்துனரின் கை எப்படி இருக்கிறது? வலது கையாவது மடங்குகிறதா?

விஜயதாஸ்